பீமுக்குக் கார்பன் துணி சுற்றலாமா? வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, காங்கிரீட் பீமைச் சுற்றி ஒட்டும் கார்பன் துணியைப் பற்றியவை. ‘கார்பன் ரேப்பிங்’, ‘எஃப்.ஆர்.பி.’, ‘ஃபைபர் ஷீட்’ என்று ஆளுக்கொரு பெயரில் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: எப்பாக்ஸி என்ற பசையில் ஊறவைத்து ஒட்டும் கார்பன் இழைத் துணி. அவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு 1996-ல் கட்டியது. கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். கார் நிறுத்தும் தளத்தில் இரண்டு பீம்களின் அடிப்பக்கம் நீளவாக்கில் விரிசல் விட்டிருக்கிறது. ஓரிடத்தில் கையகலத்துக்குக் காங்கிரீட் விழுந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. ஒரு கான்ட்ராக்டர், ‘கார்பன் சுற்றிவிடலாம், இடிக்க வேண்டாம், இரண்டு நாள் வேலை, பத்து வருஷம் கேரண்டி’ என்கிறார். சங்கத்தில் பலருக்கும் அது பிடித்துவிட்டது. செய்யலாமா? – வாசகி, திருவான்மியூர்.

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. சங்கக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுவீர்கள் என்ற எண்ணத்தில் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு பீமைப் பார்க்கப் போனால், விரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பீமின் நடுப்பகுதியில், அடியிலிருந்து மேல்நோக்கிக் குறுக்கே ஏறினால் அது பாரத்தால் வளைந்து வந்தது. தூணுக்குப் பக்கத்தில் சாய்வாக, மூலைவிட்டம் போல ஏறினால் அது வெட்டுவிசையால், அதாவது பீமைக் கத்தரி போலக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசையால் வந்தது. அதைக் கண்டால் அன்றைக்கே முட்டுக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த வகை முறிவு முன்னறிவிப்பு தராது. கம்பி போகும் வழியிலேயே நீளவாக்கில் ஓடினால் உள்ளே கம்பி துருவேறுகிறது என்று பொருள். உங்களுடையது மூன்றாவது வகை. பாரம் கூடியதால் வந்த கோளாறு இல்லை, உப்பினால் வந்தது.

நல்ல காங்கிரீட்டுக்குக் காரத்தன்மை அதிகம். அந்தக் காரம் கம்பியின் மேல் மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்கித் துருப்பிடிக்காமல் காக்கிறது. கடற்காற்றில் வரும் உப்பும், கட்டும்போதே தண்ணீரோடு கலந்துவிட்ட உப்பும் அந்தப் படலத்தை உடைக்கின்றன. காற்றிலிருக்கும் கரியமில வாயுவும் மெல்ல உள்ளே இறங்கிக் காரத்தைக் குறைக்கிறது. ஐ.எஸ். 456 என்ற இந்தியக் காங்கிரீட் விதிப்படி கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கிழக்குக் கடற்கரை ஓரம் போர்வெல்லில் வந்த உப்புத் தண்ணீரையே அப்படியே கலவைக்கு ஊற்றிய கட்டிடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு பெருகும். அந்த வீக்கம்தான் காங்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளுகிறது.

இந்த நிலையில் மேலே கார்பனை ஒட்டினால் உள்ளே இருக்கும் உப்பு எங்கே போகும்? மேல்மாடிக் குளியலறையிலிருந்து கசியும் ஈரம் தொடர்ந்து இறங்கும், துருவும் தொடரும். இத்தனை நாள் விரிசல் விட்டு உங்களுக்குச் சேதி சொன்ன பீம், இனி எதுவும் சொல்லாது. ஒருநாள் துணியும் அதோடு ஒட்டிய காங்கிரீட்டுமாகச் சேர்ந்து பெயர்ந்து வரும். அப்போது கம்பி எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதைப் பெயர்ந்த பிறகுதான் பார்க்க முடியும். எனக்குக் கவலை தருவது இந்த மறைப்புதான்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த வாரமே அந்த இரண்டு பீம்களுக்கும் இரும்பு ஜாக்கி முட்டுக் கொடுங்கள். பீமைத் தூக்கும் அளவுக்குத் திருகக் கூடாது, தொட்டு இறுகினால் போதும். அதன் கீழே காரை நிறுத்தாதீர்கள், பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். பிறகு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை அழையுங்கள். கார்பன் விற்பவரே பரிசோதகராகவும் இருக்கக் கூடாது. அவர் சுத்தியலால் தட்டிப் பொள்ளல் சத்தம் எதுவரை கேட்கிறது என்று சாக்பீஸால் குறிப்பார். புதிதாக உடைத்த இடத்தில் ஃபீனால்ஃப்தலீன் தெளித்தால் காரம் உள்ள காங்கிரீட் இளஞ்சிவப்பாகும், காரம் போன பகுதி நிறம் மாறாது. வெவ்வேறு ஆழத்தில் துளையிட்டு எடுத்த பொடியை லேபுக்கு அனுப்பினால் உப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ‘ஹாஃப் செல்’ சோதனை, இன்னும் வெடிக்காத இடங்களில் துரு எங்கே வேலை செய்கிறது என்பதைக் காட்டும். உங்கள் கட்டிடத்துக்கு இந்தக் கடைசிச் சோதனையை விட்டுவிடாதீர்கள். இரண்டு பீம் வெளியே தெரிகிறது என்றால் மற்றவையும் வரிசையில் நிற்கலாம்.

பழுதுபார்க்கும்போது துருப்பிடித்த கம்பியின் முன்பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டுப் பூசக் கூடாது. கம்பியின் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் காங்கிரீட்டைக் கொத்தி எடுத்து, சுற்றிலும் துருவை நீக்க வேண்டும். அப்போதுதான் கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளக்க முடியும். 16 மி.மீ. கம்பி 14 மி.மீ. ஆகியிருந்தால் பார்வைக்கு அது சின்ன வித்தியாசம். பரப்பில் ஏறக்குறைய கால்பங்கு போய்விட்டது. அந்த அளவுக்குப் போயிருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். பிறகு பாலிமர் கலந்த சாந்தோ மைக்ரோ காங்கிரீட்டோ போட்டு நிரப்ப வேண்டும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. உப்பில்லாத புதுச் சாந்துக்கும் உப்பேறிய பழைய காங்கிரீட்டுக்கும் நடுவே மின்வேதியியல் வேறுபாடு உண்டாகி, ஒட்டுப்போட்ட இடத்தின் ஓரத்தை ஒட்டியே புதிதாகத் துரு கிளம்பும். அதைத் தடுக்கக் கம்பியில் துத்தநாகக் கட்டிகளைக் கட்டிவிடுவார்கள். இரும்புக்குப் பதில் துத்தநாகம் கரையும். உப்பு அதிகம் என்று லேப் சொன்னால் அந்தச் செலவுக்கு யோசிக்காதீர்கள்.

இதெல்லாம் முடிந்து, சாந்து ஆறிக் காய்ந்து, மேலே ஒழுகும் குழாய் சரியான பிறகும் பீமுக்கு வலு போதவில்லை என்று கணக்கு சொன்னால், அப்போது கார்பன் சுற்றுவது நல்ல வேலை. பலமுறை அந்தக் கட்டத்தில் கார்பனே தேவைப்படுவதில்லை. ‘பத்து வருஷம் கேரண்டி’ என்றவரிடம் ஒன்று கேளுங்கள்: ஒட்டு விடாது என்பதற்கா, கம்பி துருப்பிடிக்காது என்பதற்கா? பதிலை எழுதி வாங்குங்கள்.

கேள்வி: நான் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். காகிதம் போல இருக்கும் துணி, காங்கிரீட் பீமைத் தாங்கும் என்பதை மனம் நம்ப மறுக்கிறது. இது எப்படி வேலை செய்கிறது? – மாணவர், காரைக்குடி.

பதில்: நம்ப மறுப்பது நல்லது தம்பி, கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

பரவலாகப் பயன்படும், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கார்பன் துணியில் இழையின் கனம் மட்டும் 0.167 மி.மீ. 300 மி.மீ. அகலப் பீமின் அடியில் ஒரு அடுக்கு ஒட்டினால் பரப்பு 50 சதுர மி.மீ. வருகிறது. கார்பன் இழை அறுவதற்கு ஒரு சதுர மி.மீ.க்கு 3,500 நியூட்டனுக்கும் மேல் இழுக்க வேண்டும். ஆனால் அதற்கு வெகு முன்பே காங்கிரீட்டின் தோல் பெயர்ந்து ஒட்டு விட்டுவிடும். அதனால் அந்த வலுவில் பாதிக்கும் குறைவாகவே கணக்கில் எடுப்போம். 1,500 என்று வைத்துக்கொண்டால் 75 கிலோநியூட்டன், அதாவது ஏழரை டன் இழுவிசை. எஃப்.இ. 500 (Fe 500) என்ற கம்பி ரகத்தில் ஒரு 16 மி.மீ. கம்பிக்கு வடிவமைப்பு வலு ஏறக்குறைய 87 கிலோநியூட்டன். ஆக, அந்தக் காகிதக் கனத் துணி, ஒரு பதினாறு எம்எம் கம்பிக்குக் கிட்டத்தட்ட ஈடு. அவ்வளவுதான், அதற்கு மேல் மாயம் எதுவும் இல்லை.

இதில் உன் மனதில் பதிய வேண்டியது, எல்லாமே ஒட்டை நம்பி இருக்கிறது என்பதுதான். கம்பி காங்கிரீட்டுக்குள் நாற்புறமும் பிடிபட்டுக் கிடக்கிறது. துணிக்கு ஒரே பக்கம்தான் பிடி. கம்பி இளகி நீண்டு, விரிசலைப் பெரிதாக்கி எச்சரிக்கும். கார்பன் இளகாது, கடைசிவரை நேர்க்கோட்டில் நின்று சட்டென்று விடும். அதனால்தான் அடித்துணியின் இரு முனைகளையும் ‘யு’ வடிவில் பக்கவாட்டில் ஏறும் பட்டைகளால் பிடித்துவைக்கிறோம். அதே ‘யு’ பட்டைகளைத் தூண் பக்கம் போட்டால், நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டிய ரிங் கம்பிகளுக்குத் துணையாக வெட்டுவிசையையும் தாங்கும்.

இந்த முறைக்கு முன்னால், 1960-களிலிருந்து, இரும்புத் தகடுகளை எப்பாக்ஸியால் பீமின் அடியில் ஒட்டினார்கள். தகடு கனம், தூக்கிப் பிடிக்கச் சாரமும் ஆளும் வேண்டும், ஒட்டிய முகத்திலேயே துருவும் பிடிக்கும். சுவிட்சர்லாந்தின் எம்ப்பா ஆய்வுக்கூடத்தில் ஊர்ஸ் மையர் என்ற பேராசிரியரும் அவரது குழுவும் 1980-களில் தகட்டுக்குப் பதில் கார்பன் பட்டைகளைச் சோதித்தார்கள். 1991-ல் லூசெர்ன் நகரத்து ஈபாக் பாலத்துக்கு அது தேவைப்பட்டது. போக்குவரத்து விளக்கு பொருத்தத் துளையிட்டபோது, பாலத்தை இறுக்கிப் பிடித்திருந்த முன்தகைவுக் கம்பிகள் அறுபட்டுப் போயின. 175 கிலோ இரும்புத் தகடு தேவைப்பட்ட இடத்தில் வெறும் 6.2 கிலோ கார்பன் பட்டையை ஒட்டிப் பாலத்தை மீட்டார்கள். உலகில் கார்பன் பட்டையால் வலுவூட்டிய முதல் பாலம் என்று அதைத்தான் சொல்கிறோம்.

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியின் முதல் மாடியில் புதிதாக நிட்டிங் மெஷின்கள் இறக்கப் போகிறோம். பீம்களுக்குக் கார்பன் சுற்றினால் பாரம் தாங்கும் என்கிறார்கள். கீழ்த்தளத்தில் ஸ்டீம் அயர்னிங் நடக்கிறது, பாய்லரும் அங்கேதான். ஒரு பீம் நடுவில் தொய்ந்தது போலத் தெரிகிறது. – வாசகர், திருப்பூர்.

பதில்: நல்ல காங்கிரீட், நல்ல கம்பி, பாரம் மட்டும் கூடப் போகிறது என்றால் கார்பனுக்கு ஏற்ற இடம் அதுதான். ஆனாலும் மெஷினை ஆர்டர் செய்வதற்கு முன் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். மெஷினின் எடை முதலில் தளத்துக்கும், பிறகு பீமுக்கும், தூணுக்கும், அஸ்திவாரத்துக்கும் போகிறது. நடுவில் பீமை மட்டும் பலப்படுத்திவிட்டு மற்றதைக் கணக்கிடாமல் விட்டால் பணம் போனதுதான் மிச்சம்.

உங்கள் விஷயத்தில் எனக்கு உறுத்துவது வெப்பம். கார்பன் இழைக்குச் சூட்டைப் பற்றிக் கவலையில்லை. அதைப் பிடித்திருக்கும் எப்பாக்ஸி, சாதாரண வெப்பத்தில் இறுகும் வகையாக இருந்தால், 60 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குள் ரப்பர் போல இளகத் தொடங்கும். உங்கள் கீழ்த்தளமோ நீராவி மேலே ஏறித் தளத்தில் முட்டும் இடம். சித்திரை மாத மதியத்தில், எல்லா அயர்னிங் டேபிளும் ஓடும்போது, பாய்லருக்கு நேர் மேலே பீமின் அடியில் வெப்பமானி வைத்து அளந்து பாருங்கள். இளகும் வெப்பநிலைக்கும் நீங்கள் அளந்ததற்கும் குறைந்தது 15 டிகிரியாவது இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பீம்களுக்குக் கார்பன் வேண்டாம், கம்பி கட்டிக் காங்கிரீட் ஜாக்கெட் போடுங்கள். இடம் அடைக்கும், வேலையும் நாள் பிடிக்கும், ஆனால் சூட்டுக்கு அஞ்சாது.

பஞ்சும் நூலும் துணியும் நிறைந்த இடத்தில் தீயையும் நினைக்காமல் இருக்க முடியாது. தீப்பிடித்தால் முதலில் போவது இந்த ஒட்டு. அதனால் அமெரிக்கக் காங்கிரீட் கழகத்தின் ஏ.சி.ஐ. 440 வழிகாட்டி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. துணி முழுவதும் இல்லாமல் போனாலும், பழைய பீம் தனியாகவே, நிலைப்பாரத்தின் (கட்டிடத்தின் சொந்த எடை) 1.1 மடங்கையும் புதிய பயன்பாட்டுப் பாரத்தின் (ஆட்கள், மெஷின், சரக்கு) 0.75 மடங்கையும் சேர்த்துத் தாங்க வேண்டும். இந்தக் கணக்கில் தேறாத பீமுக்குக் கார்பன் சுற்றக் கூடாது. அங்கே ஆட்கள் வேலை செய்கிறார்கள். இந்த ஒன்றில் மட்டும் எந்தச் சமாதானத்தையும் ஏற்காதீர்கள்.

தொய்வை நூல் கட்டி அளவெடுங்கள். 6 மீட்டர் பீமுக்கு 24 மி.மீ. வரை விதி அனுமதிக்கிறது. சில சமயம் காங்கிரீட் போட்ட அன்றைக்கே சென்ட்ரிங் பலகை இறங்கியிருக்கும், அப்படியென்றால் பயமில்லை. பாரத்தால் வந்த தொய்வு என்றால், கார்பன் ஒட்டினாலும் அது நிமிராது. ஒட்டும்போது பீம் சுமந்துகொண்டிருக்கும் பாரம் பழைய கம்பிகளிடமே இருக்கும், அதற்குப் பிறகு வருவதைத்தான் துணி பங்கிட்டுக்கொள்ளும். அதனால் மேலே இருக்கும் சரக்கையெல்லாம் இறக்கி, ஜாக்கி வைத்து மெல்லத் தளர்த்திய பிறகு ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார், அடுத்த வாரம் கார்பன் வேலை தொடங்குகிறது. நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், செயலாளர் பொறுப்பு என் தலையில். நின்று பார்ப்பவன் எதைப் பார்க்க வேண்டும்? – வாசகர், புதுச்சேரி.

பதில்: ஐயா, உங்களைப் போல நின்று பார்க்க ஒருவர் இருந்தாலே பாதி வேலை ஒழுங்காகிவிடும்.

துணி ஒட்டும் நாளைவிட அதற்கு முந்தைய நாட்களில் கூடுதலாக நில்லுங்கள். பூச்சும் பெயின்ட்டும் முழுக்க உரிக்கப்பட வேண்டும். பூச்சின் மேல் ஒட்டினால், பூச்சு பெயரும்போது எல்லாம் சேர்ந்து வரும். கிரைண்டர் ஓட்டி, ஜல்லி லேசாகத் தெரியும்வரை தேய்த்து, தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும். பவுடர் அப்பிய நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு நிற்காது, அதே கதைதான் இங்கேயும். கறுப்புத் துணியால் துடைத்துப் பாருங்கள், வெள்ளையாக வந்தால் மறுபடி சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பீமின் கூரிய மூலைகளை உருட்டியிருக்கிறார்களா என்று தடவிப் பாருங்கள். வளைவின் ஆரம் குறைந்தது 13 மி.மீ. வேண்டும், கூர்முனையில் இழை முறிந்துவிடும். காங்கிரீட் காய்ந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

அதன்பின் பிரைமர், பள்ளம் நிரப்பப் புட்டி, பிறகு எப்பாக்ஸியில் ஊறிய துணி. எப்பாக்ஸியின் இரண்டு டப்பாவையும் கண் அளவில் கலக்க விடாதீர்கள், தராசு இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும். இறுகத் தொடங்கியதைத் தின்னர் ஊற்றி இளக்கினால் உடனே நிறுத்துங்கள். இழை ஓடும் திசையை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். அடித்துணியின் இழை பீமின் நீளவாக்கில் போக வேண்டும், குறுக்கே போனால் வளைவுக்கு ஒரு பயனும் இல்லை. பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். துணி ஒட்டிய பின் உருளையால் காற்றை வெளியே தள்ள வேண்டும்.

இறுகிய மறுநாள் ஒரு நாணயத்தால் பீம் முழுக்கத் தட்டுங்கள். பொள்ளல் சத்தம் வந்த இடத்தைக் குறித்து வைத்து, ஊசியால் எப்பாக்ஸி செலுத்தச் சொல்லுங்கள். பெரிய பொள்ளலாக இருந்தால் வெட்டி எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். ‘புல்-ஆஃப்’ சோதனையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வட்டத் தகடு ஒன்றை ஒட்டி இழுத்துப் பார்ப்பார்கள், சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 14 கிலோ இழுவிசையையாவது தாங்க வேண்டும், விடுவதும் காங்கிரீட்டுக்குள் விட வேண்டும். பசையின் முகத்தில் சுத்தமாகக் கழன்று வந்தால் தயாரிப்பு சரியில்லை. கடைசியாக வெயில் படாமல் மேற்பூச்சு. பிற்பாடு யாரும் அதில் ஆணியோ ஃபேன் கொக்கியோ அடிக்காதபடி ஒரு பலகை எழுதி மாட்டுங்கள்.

கேள்வி: மேல்வீட்டுக்காரர் ஏசி குழாய்க்காகப் பீமில் கோர் கட்டர் வைத்துத் துளை போட்டுவிட்டார். தூணிலிருந்து ஒரு முழம் தள்ளி. சிமென்ட் வைத்து அடைத்துவிடுகிறேன் என்கிறார். – வாசகி, வேளச்சேரி.

பதில்: அடைக்க விடாதீர்கள், முதலில் உள்ளே டார்ச் அடித்துப் போட்டோ எடுங்கள். துளையின் சுவரில் பளபளவென்று இரும்பு வட்டம் தெரிந்தால் கம்பி அறுபட்டிருக்கிறது. ஈபாக் பாலத்துக்கு நடந்ததே உங்கள் வீட்டுக்கும் நடந்திருக்கலாம். தூணுக்குப் பக்கத்தில்தான் வெட்டுவிசை உச்சம், ரிங் கம்பிகள் நெருக்கமாக இருப்பதும் அங்கேதான். சிமென்ட் அடைப்பு அறுந்த கம்பியைச் சேர்க்காது. முட்டு வைத்து, இன்ஜினியர் பார்த்து, தேவையான இடத்தில் ‘யு’ பட்டைகள் ஒட்டுவது இதற்குப் பொருத்தமான வைத்தியம். மேல்வீட்டுக்காரரோடு சண்டை வேண்டாம்; அவர் தரையும் அந்தப் பீமின் மேல்தான் இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: கிளாஸ் ஃபைபர் விலை குறைவு. கார்பனுக்குப் பதில் அதைப் போடலாமா? – வாசகர், மதுரை.

பதில்: தூணுக்குப் பெரும்பாலும் போடலாம். தூணைச் சுற்றி இறுக்கும்போது, அழுத்தத்தில் பக்கவாட்டில் விரியும் காங்கிரீட்டை அது பிடித்துவைக்கிறது. 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பானில் பாலத் தூண்களுக்கு இழைத்துணி சுற்றுவது பரவியதும் இதே தத்துவத்தில்தான். அங்கே பெரும்பாலும் கார்பன். பீமின் அடியில் எப்போதும் பாரம் தொங்கிக்கொண்டே இருக்கும். நாள்பட்ட பாரத்தில் கண்ணாடி இழை அதன் வலுவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமந்தால் காலப்போக்கில் அறுந்துவிடும் ஆபத்து உண்டு. கார்பன் பாதிக்கும் சற்று மேலேயே தாங்கும். ஈரத்துக்கும் காரத்துக்கும் கண்ணாடி இழை பலவீனம். விறைப்பிலும் கார்பனில் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் அடுக்குகள் கூடிக்கொண்டே போய் விலை லாபம் கரைந்துவிடும். ஒரே ஓர் எச்சரிக்கை: கார்பன் மின்சாரம் கடத்தும். வெளியே தெரியும் கம்பியை அது நேரடியாகத் தொட்டால் கம்பி இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். நடுவில் சாந்து மூடியிருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பால்கனியைத் தாங்கும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பீமில், சுவரை ஒட்டி மேல்பக்கம் விரிசல். அடியில் கார்பன் ஒட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். – வாசகி, நாகப்பட்டினம்.

பதில்: அடியில் ஒட்டினால் பயனில்லை அம்மா. இரு முனையிலும் தாங்கல் உள்ள பீமுக்கு இழுவிசை அடியில் வரும். ஒரு முனையில் மட்டும் பிடித்து வெளியே நீளும் பீமுக்கு இழுவிசை மேல்பக்கம், அதுவும் சுவரை ஒட்டிய இடத்தில்தான் அதிகம். உங்கள் விரிசல் வந்திருக்கும் இடமே அதைச் சொல்கிறது. ஒட்டுவதென்றால் மேலே, தரை ஓடுகளைப் பெயர்த்துவிட்டு, வீட்டுக்குள்ளும் போதிய தூரம் நீட்டி ஒட்ட வேண்டும். அதற்கு முன் மேல்கம்பி உண்மையிலேயே மேலேதான் இருக்கிறதா என்று, கம்பி இருக்கும் ஆழத்தைக் காட்டும் கவர் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். காங்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து மேல்கம்பி கீழே இறங்கிப்போன பால்கனிகள் ஏராளம். அப்படி இறங்கியிருந்தால், அல்லது துரு தின்றிருந்தால், தூண் எழுப்பித் தாங்குவதா, இடித்துக் கட்டுவதா என்று இன்ஜினியர் முடிவு செய்யட்டும். அதுவரை பூந்தொட்டிகளையும் துவைக்கும் மெஷினையும் உள்ளே எடுத்துவிட்டு, பால்கனிக் கதவைப் பூட்டி வையுங்கள், அடியிலிருந்து முட்டுக் கொடுங்கள். கீழ்வீட்டில் இருப்பவர்களிடமும் அங்கே நிற்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.